தபாஜோஸ் ஆற்றங்கரையில் பாதரச அளவீடு

தங்கச் சுரங்கங்களை ஒட்டி வாழ்வோர் உடலில் எவ்வளவு பாதரசம் ஏறியிருக்கிறது என்பதைச் சிறுநீர், ரத்தம், தலைமுடி ஆகியவற்றைச் சோதித்துக் கண்டறிகிறார்கள். இத்தகைய ஆய்வுகள் மிகுதியாக நடந்த இடங்களில் ஒன்று, பிரேசிலின் பாரா மாநிலத்தில் ஓடி அமேசானில் கலக்கும் தபாஜோஸ் ஆறு. 1980களில் இங்கே தங்க வேட்டை உச்சத்தில் இருந்தது.

ஆற்று வண்டலில் கிடக்கும் பொடித் தங்கத்தைப் பாதரசம் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். அந்தக் கலவையைத் துணியில் பிழிந்து நெருப்பில் காட்டினால் பாதரசம் ஆவியாகிவிடும், தங்கம் மிஞ்சும். மூச்சில் போகும் ஆவியில் ஏறத்தாழ 80 விழுக்காடு உடலில் தங்கிவிடுகிறது. ஆற்றில் சேரும் பாதரசத்தின் வழி வேறு. நுண்ணுயிரிகள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. அது சிறுமீனிலிருந்து பெருமீனுக்கு ஏறி, கடைசியில் சோற்றுத் தட்டுக்கு வருகிறது.

எதைச் சோதிப்பது என்ற கேள்விக்கு இந்த இரண்டு வழிகள்தான் விடை. கலவையைச் சுடுபவருக்கும் தங்கக் கடைக்காரருக்கும் சிறுநீர்ச் சோதனையே பொருத்தம். வெயிலில் வியர்த்தவரின் சிறுநீர் அடர்ந்திருக்கும் என்பதால், அளவை, சிறுநீரில் எப்போதும் வெளியேறும் கழிவுப்பொருளான கிரியாட்டினின் ஒரு கிராமுக்கு இத்தனை மைக்ரோகிராம் என்று கணக்கிடுவார்கள். ஜெர்மானிய வரையறைப்படி 5க்குக் கீழே கவலையில்லை. 20ஐத் தாண்டினால் உடனே கவனிக்க வேண்டும். பாதரசம் கலந்த சிவப்பழகு கிரீமும் இந்த எண்ணை ஏற்றிவிடும், ஆகவே அதையும் கேட்டுக்கொள்வது நல்லது.

மெத்தில் பாதரசமோ சிறுநீரில் மிகக் குறைவாகவே வெளியேறும். தினமும் மீன் உண்பவரின் சிறுநீரை மட்டும் பார்த்து ஆபத்தில்லை என்று அனுப்பிவிடுவது பெரும் பிழை. அவருக்குத் தலைமுடிதான் சான்று. பிடரிக்கு மேலே ஒரு கற்றையை நூலால் கட்டி, தோலை ஒட்டி வெட்டி, வேர்ப்பக்கம் எது என்று குறித்துவைக்கிறார்கள். முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். ஆகவே 24 செ.மீ. கூந்தலைத் துண்டு துண்டாக அளந்தால் இரண்டு ஆண்டுக் கணக்கு கிடைத்துவிடும். பிரசீலியா லெகால் என்ற கரையோரச் சிற்றூரில் இப்படி அளந்தபோது, பருவத்துக்குப் பருவம் கிடைக்கும் மீன் மாற மாற, முடியின் பாதரசமும் ஏறி இறங்கியது தெரிந்தது. கிராமுக்கு ஒரு மைக்ரோகிராமை ஒட்டியே அமெரிக்க வரையறை நிற்கிறது. தபாஜோஸ் கரையில் சராசரியே 10ஐத் தாண்டிய ஊர்கள் உண்டு. தங்கம் சுடுபவரின் முடியை மட்டும் நம்பக்கூடாது. காற்றிலுள்ள ஆவி வெளியிலிருந்தும் முடியில் படியும், கழுவினாலும் முழுதாகப் போகாது.

முடி அளவைச் சொல்லுமே தவிர, அந்தப் பாதரசம் எங்கிருந்து வந்தது என்று சொல்லாது. 1990களில் கனடா, பிரேசில் ஆய்வாளர்கள் இங்குள்ள மண்ணைச் சோதித்தபோது, காட்டு மண்ணிலேயே இயற்கையாகப் பாதரசம் நிறைந்திருப்பதும், காடழிப்பால் அது அரித்து ஆற்றில் சேர்வதும் வெளிப்பட்டன. பழி முழுவதையும் சுரங்கத்தின் தலையில் போட்டுவந்த வழக்கம் அதோடு ஆட்டம் கண்டது. பாதரசம் எங்கிருந்து வந்தாலும், மீனை விட்டால் வேறு புரதமில்லாத மக்களிடம் மீனே வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. ஆகவே ஆய்வாளர்கள், பிற மீன்களைத் தின்னும் துக்குனாரே போன்றவற்றைக் குறைத்து, பழமும் விதையும் தின்னும் பாக்கு மீனைக் கூட்டிக்கொள்ளச் சொன்னார்கள்.