சம்பள ஏற்றமும் சிங்களப் பரீட்சையும்: தமிழ் லிகிதர்களின் தொழிற்சங்க வரலாற்றில் ஒரு திருப்பம் (1947–1972)

"கோழி மேய்ச்சாலும் கோறணமேந்தில (அரசாங்கத்தில்) மேய்க்கவேணும்" என்பது யாழ்ப்பாணத்துப் பழமொழி. ஆறில்லாத குடாநாட்டில் காணி தலைமுறைக்குத் தலைமுறை துண்டுபட்டது. கிணற்றிறைப்புத் தோட்டம் எல்லாப் பிள்ளைகளுக்கும் சோறு போடாது. மிஷன் பள்ளிக்கூடங்களும் அவற்றோடு போட்டியிட்டு எழுந்த சைவப் பள்ளிக்கூடங்களும் கொடுத்த ஆங்கிலம்தான் பலருக்கு முதுசம். கொழும்புக் கந்தோரிலிருந்து மாதாமாதம் காசுக்கட்டளை வரும்; முதுமையில் பென்சன் வரும். சீதனப் பேச்சிலும் மாப்பிள்ளையின் உத்தியோகமே முதலில் விசாரிக்கப்பட்டது. ஆகவே லிகிதரின் சம்பளத்தில் கைவைத்தால் அது ஊரில் ஒரு குடும்பத்தின் அடுப்பையும் கலியாணத்தையும் தொட்டது.

இந்த லிகிதர்களின் பேரம்பேசும் பலம் அரசாங்க லிகிதர் சேவைச் சங்கத்தில் இருந்தது. 1920இல் தோன்றிய அச்சங்கத்தில் சிங்களவரும் தமிழரும் ஒன்றாகவே இருந்தனர். தொழிற்சங்க உரிமை கோரி 1947இல் அது வேலைநிறுத்தத்தில் இறங்கியது. ஜூன் 5ஆம் திகதி கொலொன்னாவையில் பொலிஸார் சுட்டதில் கந்தசாமி என்ற தமிழ் லிகிதர் உயிரிழந்தார். அந்த மாதமே 25ஆம் இலக்கப் பொதுசனப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் அவசர அவசரமாக நிறைவேறியது. 1947இல் வேலையிழந்த சங்கத் தலைவர் ரி. பி. இலங்கரத்தின அரசியலுக்குப் போய், 1956இல் அமைச்சரானார். சிங்களம் மட்டும் சட்டத்தைக் கொண்டுவந்ததும் அதே அரசாங்கந்தான்.

1947இன் ஒற்றுமை 1956க்குத் தாக்குப்பிடிக்கவில்லை. சம்பளக் கோரிக்கையில் ஒன்றாய் நின்ற உறுப்பினர்கள் மொழியில் இரண்டாய்ப் பிரிந்தனர். தமிழ் லிகிதர்கள் அரசாங்க எழுதுவினைஞர் சங்கம் என்ற தனி அமைப்பில் திரண்டனர். அதை இனவாதப் பிளவு என்று இடதுசாரிகள் சிலர் கண்டித்தனர். அக்கண்டனம் பாதி நியாயமானது. தங்கள் சம்பளம் வெட்டப்படுகையில் தாய்ச்சங்கம் தயங்கினால், உறுப்பினர் வேறெங்கு போவார்?

வெட்டு வந்த விதத்தைக் கூர்ந்து நோக்க வேண்டும். 1961 டிசம்பர் 4ஆம் திகதிய 560ஆம் இலக்கத் திறைசேரிச் சுற்றுநிருபம், குறித்த காலத்துக்குள் சிங்களப் பரீட்சையில் சித்தியெய்தாத உத்தியோகத்தரின் வருடாந்தச் சம்பள ஏற்றத்தை நிறுத்தச் சொன்னது. படிக்க மனமில்லாதவர்கள் முன்கூட்டியே ஓய்வு பெறவும் வழிவிடப்பட்டது. 1956இல் லிகிதர் சேவையில் பாதியாக இருந்த தமிழர் 1970இல் நூற்றுக்கு 5 ஆகினர் என்ற கணக்கு அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. அதை அப்படியே நம்பினாலும் நம்பாவிட்டாலும், ஓய்வுபெற்றவரின் கதிரைக்கு இன்னொரு தமிழர் வருவது அருகிப்போனது என்பதில் ஐயமில்லை. பெருந்தொகையாய் யாரையும் நீக்காமலே ஆட்குறைப்பு நடந்தேறியது. பணிநீக்கத்துக்கு எதிராகப் பேரம்பேசத் தெரிந்த சங்கத்துக்கு, வராத நியமனக் கடிதத்துக்காக எந்த மேசையில் உட்காருவது என்று தெரியவில்லை.

பேச்சுவார்த்தைக்கு வழி அடைபட்டபோது பிணக்கு நீதிமன்றம் ஏறியது. 1952இல் சேவையில் சேர்ந்த தமிழ் லிகிதர் செ. கோடீஸ்வரனுக்கு 1962 ஏப்ரல் 1ஆம் திகதி கிடைக்கவேண்டிய சம்பள ஏற்றம் மறுக்கப்பட்டது. அவர் சட்டமா அதிபருக்கு எதிராக வழக்குத் தொடுத்தார். தொகை அற்பம், கேள்வியோ, ஒரு சமூகத்துக்கு மட்டும் பாதகமான சட்டத்தைத் தடுத்த சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவைத் தொட்டது. கொழும்பு மாவட்ட நீதிபதி ஓ. எல். டி கிரெற்சர் 1964இல் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். 1967இல் உயர் நீதிமன்றம் மொழியைப் பற்றி வாய் திறக்காமல், முடியின் ஊழியர் சம்பளத்துக்காக வழக்காட முடியாது என்று கூறி அதைப் புரட்டியது. 1969இல், அப்போது இலங்கையின் இறுதி மேன்முறையீட்டு மன்றமாயிருந்த இலண்டன் கோமறைக் கழகம், டிப்லொக் பிரபுவின் தீர்ப்பில், வழக்காடலாம் என்றது. மொழிச் சட்டம் செல்லுமா என்பதைத் தீர்மானிக்க வழக்கை உயர் நீதிமன்றத்துக்கே திருப்பியது.

சம்பள பாக்கிக்காக அரசை நீதிமன்றுக்கு இழுக்கும் உரிமை இதனால் சிங்கள ஊழியருக்கும் சேர்த்தே உறுதியானது. தனிச்சங்கம் என்று பழிக்கப்பட்டவர்களின் தரப்பிலிருந்து வந்த வழக்கு, தாய்ச்சங்கத்தின் உறுப்பினர்களுக்கும் பயன்பட்டது. மொழிக் கேள்வி மட்டும் விசாரணைக்கு வரவேயில்லை. 1971இல் கோமறைக் கழகத்துக்கான மேன்முறையீடு ஒழிக்கப்பட்டது; 1972 குடியரசு அரசியலமைப்பில் 29ஆம் பிரிவு இல்லை.