வாய் திக்கும் பிள்ளைக்கு வகுப்பறையில் ஒரு கதை



கேமரன் மலையில் பிரிஞ்சாங்கிலிருந்து கம்போங் ராஜா போகும் வழியில் இருக்கிறது திரிங்காப். 1929இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கிய இம்மலையில் நம்மவர்களின் பிள்ளைகள் படித்து வருகிறார்கள். அங்கே ஒரு வகுப்பறையை நினைத்துப் பாருங்கள். ஆசிரியர் கேள்வி கேட்கிறார். ஒரு பையனுக்குப் பதில் தெரியும். ஆனால் முதல் எழுத்திலேயே வாய் திக்குகிறது. வகுப்பு சிரிக்கிறது. மறுநாள் முதல் அவன் கையைத் தூக்குவதில்லை.

இந்தப் பிள்ளைக்கு நாம் எந்தக் கதையைச் சொல்லப் போகிறோம்?

நம்மிடம் ஒரு பழைய கதை உண்டு. 17ஆம் நூற்றாண்டில் ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த குமரகுருபரர் ஐந்து வயது வரை பேசவில்லையாம். பெற்றோர் திருச்செந்தூருக்குக் கொண்டுபோக, முருகனருளால் வாய் திறந்து கந்தர் கலிவெண்பா பாடினார் என்பார்கள். நெஞ்சை உருக்கும் வரலாறு. ஆனால் அதில் குறை தீர்ந்த பிறகுதான் பெருமை வருகிறது. குறை தீராத பிள்ளையின் கதி என்ன? நம் திரைப்படங்கள் அவனை நகைச்சுவைக் காட்சிக்குத்தான் அழைத்தன.

சட்டமும் தாமதமாகவே விழித்தது. 1994இல் ஸ்பெயினின் சலமான்கா நகரில் 92 அரசுகள் கூடி, எல்லாப் பிள்ளைகளும் ஒரே பள்ளியில் சேர்ந்து படிக்க வழி செய்ய வேண்டும் என்று அறிவித்தன. நம் நாட்டில் 1997ஆம் ஆண்டு சிறப்புக் கல்வி விதிமுறைகள் பார்வைக் குறை, செவிக் குறை, கற்றல் குறை ஆகியவற்றையே குறிப்பிட்டன. 2013ஆம் ஆண்டு விதிமுறைகளில்தான் பேச்சுக் குறையும் தனியே இடம்பெற்றது. எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பக்கூடாது என்னும் கொள்கை 2019இல் வந்தது.

சட்டம் பிள்ளையை வகுப்புக்குள் உட்கார வைக்கும். பக்கத்து நாற்காலிப் பிள்ளையின் மனத்தை மாற்றுமா? அந்த வேலையைக் கதைப் புத்தகம் செய்யும்.

2017இல் இந்தியாவில் ஷ்ருதி ராவ் எழுதிய ஆங்கில நூலில், திக்கிப் பேசும் மான்யா என்ற சிறுமி, பள்ளி நாடகத்தில் ஷேர்கான் புலியாக நடிக்க ஆசைப்படுகிறாள். 2020இல் கனடாவின் ஜோர்டன் ஸ்காட், தம் இளமையையே படக்கதையாக்கினார். திக்கும் மகனை அப்பா ஆற்றங்கரைக்கு அழைத்துப் போகிறார். ஆறும் குமிழியிட்டு, சுழன்று, மோதித்தானே ஓடுகிறது என்று காட்டுகிறார். அங்கே குறை தீரவில்லை. பிள்ளையின் வெட்கம்தான் குறைகிறது. கல்லில் மோதி ஓடும் பெர்த்தாம் ஆற்றைப் பார்த்து வளரும் நம் பிள்ளைகளுக்கு இதை விளக்கவும் வேண்டுமா?

ஆசிரியர்களுக்கு மூன்று வேண்டுகோள். ஒன்று, கதையை வகுப்பு முழுவதற்கும் வாசியுங்கள். "இவனைப் போல" என்று யாரையும் சுட்டாதீர்கள். இரண்டு, "பாவம்" என்று முடிக்காதீர்கள்; "நீ அந்த நண்பனாக இருந்தால் என்ன செய்திருப்பாய்?" என்று கேளுங்கள். மூன்று, அவன் தொடங்கிய சொல்லை நீங்கள் முடிக்காதீர்கள், காத்திருங்கள். ஆசிரியர் காத்திருந்தால் வகுப்பும் காத்திருக்கக் கற்றுக்கொள்ளும்.

இன்னொன்றும் உண்டு. வீட்டில் தமிழ் மட்டும் பேசிய பிள்ளை மலாயிலோ ஆங்கிலத்திலோ தடுமாறினால் அது பேச்சுக் குறை ஆகாது. தாய்மொழியிலும் தடுமாறினால்தான் பேச்சுப் பயிற்சியாளரைத் தேட வேண்டும். கதைப் புத்தகம் சிகிச்சைக்கு மாற்று அல்ல என்பதையும் மறக்க வேண்டாம்.

இத்தகைய கதைகள் தமிழில் மிகக் குறைவு. அதுவரை ஆசிரியர்களே தம் வாய்மொழியில் சொல்லலாமே! குமரகுருபரர் கதையையும் சொல்லுங்கள். கூடவே, திக்கிக்கொண்டே பேசி முடித்த பிள்ளையின் கதையையும் சொல்லுங்கள். அந்தப் பையன் மறுபடியும் கையைத் தூக்கட்டும்.