குருதி தோய்ந்த காலடிகள்

போர் என்ற சொல்லைக் கேட்டதும் முரசும் கொடியும் வெற்றி முழக்கமுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆயினும் போரின் மற்றொரு முகத்தைத் தமிழ்ப் புலவர்கள் அறியாதவர்கள் அல்லர். நெடுநல்வாடையில் வரும் வேந்தன், வாடை வீசும் நள்ளிரவில் பாசறையினுள் நடந்து சென்று, புண்பட்ட வீரரைக் கண்டு ஆறுதல் கூறுகிறான். முல்லைப்பாட்டின் தலைவனோ, தன் பொருட்டுக் காயமுற்றவர்களை எண்ணி உறக்கமின்றிக் கிடக்கிறான். எனினும் இவ்விரு பாட்டிலும் நினைப்பவன் அரசன், நினைக்கப்படுபவன் வீரன். வேலெடுத்து நின்ற அந்தச் சாமானியன் என்ன நினைத்தான் என்பதை அவன் வாயாலேயே கேட்க, நாம் நெடுங்காலம் காத்திருக்க வேண்டியதாயிற்று.

அவ்வாறு கேட்க வைத்த படைப்புகளுள் ஒன்று, 1963ஆம் ஆண்டில் மலையாளத்தில் வெளிவந்த 'நிணமணிஞ்ஞ கால்பாடுகள்' என்னும் திரைப்படம். தமிழில் நிணம் என்பது ஊனையும் கொழுப்பையும் குறிக்கும். மலையாளத்தில் அதே சொல் குருதியைக் குறிக்கிறது. 'குருதி தோய்ந்த காலடிகள்' என்று அப்பெயருக்கு நாம் பொருள் கொள்ளலாம். மலையாளப் படவுலகம் அந்நாளில் பெரும் பொருட்செலவை அறியாதது. பீரங்கிகளையும் விமானங்களையும் அணிவகுத்துக் காட்டும் வசதி அதற்கு இல்லை. ஆகவே, அப்படம் போர்க்களத்தை நம்பாமல் போருக்குச் சென்றவனின் உள்ளத்தையே நம்பியது. குறைந்த பொருளே அதற்கு நிறைந்த வலிமையாயிற்று எனலாம்.

இப்படம் பிறந்த நாட்டின் படைப் பின்னணியை முதலில் சிறிது பார்ப்போம். திருவனந்தபுரத்திற்கும் பட்டாளத்திற்கும் உள்ள உறவு பழமையானது. திருவிதாங்கூர் அரசின் நாயர் படை, தன் தோற்றத்தை 1704ஆம் ஆண்டுக்கும் பத்மநாபபுரத்திற்கும் கொண்டு செல்கிறது. அப்பத்மநாபபுரம் 1956 நவம்பர் 1 முதல் தமிழகத்தின் குமரி மாவட்டத்தில் அமைந்துள்ளது. 1949இல் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்த பின்னர், சமஸ்தானப் படை இந்தியப் படையுடன் ஒன்றாயிற்று. பிற்பாடு மெட்ராஸ் ரெஜிமெண்டின் 9ஆம், 16ஆம் பட்டாலியன்களாக உருப்பெற்றது. தமிழனும் மலையாளியும் ஒரே ரெஜிமெண்டின் பெயரைத் தாங்கி, நீலகிரியின் வெலிங்டனில் ஒரே மைதானத்தில் பயிற்சி பெற்று, ஒரே எல்லைக்குச் சென்றார்கள். எனவே மலையாளச் சிப்பாயின் கதை நமக்கு அயலார் கதையன்று.

இரண்டாம் உலகப் போர் இவ்வுறவைப் பன்மடங்காக்கியது. 1939இல் ஏறத்தாழ 2 இலட்சம் பேரைக் கொண்டிருந்த இந்தியப் படை, 1945இல் 25 இலட்சத்தை எட்டிற்று. கட்டாய ஆள்சேர்ப்புச் சட்டம் எதுவும் இங்கு இருந்ததில்லை. எல்லோரும் தாமாகச் சேர்ந்தவர்களே என்று ஏடுகள் கூறும். ஆனால் 'தாமாக' என்னும் அச்சொல்லைச் சற்று நின்று நோக்க வேண்டும். திருவிதாங்கூர் தன் உணவுக்குப் பெருமளவு பர்மா அரிசியை நம்பியிருந்தது. 1942இல் பர்மா ஜப்பானியர் வசமாயிற்று. அரிசிக் கப்பல்கள் நின்றன. ஊரெங்கும் பசி புகுந்தது. அந்நிலையில் பட்டாளத்துச் சீருடையை அணிந்த இளைஞர் பலரை அழைத்துச் சென்றது வீர முரசு மட்டுமன்று. வீட்டில் அணைந்து கிடந்த அடுப்புமாகும்.

அவர்களுள் சிலர் எழுதத் தொடங்கினார்கள். மாவேலிக்கரைப் பகுதியைச் சேர்ந்த கே. ஈ. மத்தாயி 1944இல் படையில் சேர்ந்து, இருபதாண்டுகளுக்கு மேல் பணியாற்றியவர். 'பாறப்புறத்து' என்னும் புனைபெயரால் அறியப்பட்டவர். பி. ஸி. கோபாலன், தமிழர் நன்கறிந்த 'நந்தனார்' என்னும் பெயரைச் சூடிக்கொண்டார். வி. வி. அய்யப்பன் 'கோவிலன்' ஆனார். முதலில் கடற்படையிலும், பின்னர் 1948 முதல் 1968 வரை தரைப்படையின் சிக்னல் பிரிவிலும் பணியாற்றினார். இவர்கள் எழுதியவற்றை மலையாள வாசகர்கள் பட்டாளக் கதைகள் என்று அழைத்தார்கள். வேறு மொழிகளில் போரைப் பற்றி எழுதியவர்கள் பலர் உளர்; ஆனால் சீருடையைக் களையாமலே, பாசறையில் இருந்துகொண்டே இவ்வளவு பேர் எழுதியது மலையாள இலக்கியத்தின் தனிச் சிறப்பாகும்.

அவர்கள் எழுதிய பட்டாளம் அணிவகுப்பில் காணும் பட்டாளமன்று. விடுப்புக் கிடைக்குமா என்று ஏங்கும் பட்டாளம். மேலதிகாரியின் ஒரு சொல்லால் நாள் முழுதும் குன்றிப் போகும் பட்டாளம். ஊரிலிருந்து வரும் கடிதத்தைப் பலமுறை படித்து, அதில் எழுதாமல் விடப்பட்டது என்ன என்று தேடும் பட்டாளம். ஊக்கத்தோடு சென்றவன் மெல்லமெல்ல உண்மையைக் கண்டு தெளிவதும், அத்தெளிவே அவனுக்குத் துயரமாவதும் இக்கதைகளின் பொதுப்பொருள்.

பாறப்புறத்து 1955இல் எழுதிய நாவலே திரைப்படமாயிற்று. என். என். பிஷாரடி இயக்கினார். வறுமை துரத்த, அன்புக்குரியவளையும் குடும்பத்தையும் ஊரில் விட்டுப் பட்டாளம் புகும் தங்கச்சனாகப் பிரேம் நசீர் நடித்தார். படையில் அவனுக்கு வாய்த்த தோழன் ஸ்டீபனாகத் திரையில் முதன்முதல் தோன்றியவர் மது. திருவனந்தபுரத்தில் பிறந்து, நாகர்கோவிலில் இந்தி ஆசிரியராகப் பணியாற்றி, புதுதில்லி தேசிய நாடகப் பள்ளியின் முதல் அணியில் பயின்றவர் அவர்.

ஸ்டீபன் வேடம் முதலில் சத்யனுக்கென்று எண்ணப்பட்டிருந்தது. திருவனந்தபுரத்தைச் சேர்ந்த சத்யன், 1941இல் படையில் சேர்ந்து, மணிப்பூர், பர்மா, மலாயாப் பகுதிகளில் மெய்யாகவே போர்ப்பணி புரிந்தவர். பின்பு காவல்துறை அதிகாரியாகி, அதன்பின் நேமத்து மெரிலாண்ட் ஸ்டுடியோவின் 'ஆத்மசகி' மூலம் 1952இல் திரைக்கு வந்தவர். போரைக் கண்ட ஒருவர் ஏற்கவிருந்த வேடம், வகுப்பறையை விட்டு வந்த ஒருவருக்குக் கிடைத்தது. இருவரும் ஒரே நகரத்தார். கதையை எழுதியவரோ அன்றும் படைப்பணியில் இருந்தவர். சிப்பாயின் வாழ்வை வெளியிலிருந்து வேடிக்கை பார்த்தவர்கள் கைப்பட்ட படமன்று இது என்பதை இவை காட்டும்.

பி. பாஸ்கரனின் பாடல்களுக்குப் பாபுராஜ் இசையமைத்தார். மலைகளுக்கு அப்பாலுள்ள தன் ஊரை எண்ணி வீரன் பாடும் பாட்டினைப் பாடியவர் நம் திரையிசை வாயிலாகவும் நெஞ்சில் நிலைத்த பி. பி. ஸ்ரீனிவாஸ். அப்பாட்டில் பகைவன் இல்லை. ஊர் மட்டுமே இருக்கிறது. அம்மென்குரலே படத்தின் உட்கருத்தைச் சொல்லிவிடுகிறது.

படம் வந்த காலத்தையும் நாம் கருத வேண்டும். 1962 அக்டோபர், நவம்பர் திங்கள்களில் சீனப் போர் நிகழ்ந்தது. அக்டோபர் 26இல் பிரகடனம் செய்யப்பட்ட நெருக்கடி நிலை 1963இல் நடைமுறையில் இருந்தது. அவ்வாண்டிலேயே தமிழில் சிவாஜி கணேசனும் சாவித்திரியும் நடித்த 'இரத்தத் திலகம்' சீனப் போரைப் பொருளாகக் கொண்டு வெளிவந்தது. அடுத்த ஆண்டில் சேத்தன் ஆனந்த், பஞ்சாப் அரசின் துணையுடன், லடாக் மலைகளில் 'ஹகீகத்' என்னும் இந்திப் படத்தை எடுத்தார். புண்பட்டிருந்த நாட்டின் உணர்ச்சிக்கு அவை குரல் கொடுத்தன. அது தேவையும் ஆயிற்று. மலையாளப் படமோ நாட்டின் புண்ணிலிருந்து வீரனின் புண்ணுக்கு நம் பார்வையைத் திருப்பியது. அவ்வாண்டுக்குரிய மலையாளப் படங்களுள் சிறந்ததென அதற்குக் குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் கிட்டியது.

இப்பதக்கத்தின் பெருமை பிற நாட்டு நிகழ்ச்சிகளோடு ஒப்பிட்டால் விளங்கும். ஜெர்மானிய எழுத்தாளர் ரெமார்க், முதல் உலகப் போரில் இளம் வீரர்கள் அடைந்த ஏமாற்றத்தை 1929இல் நாவலாக்கினார். அமெரிக்காவில் 1930இல் அது திரைப்படமாயிற்று. பெர்லினில் திரையிட்டபோது நாஜிகள் அரங்கினுள் கலகம் விளைத்தனர். சில நாட்களிலேயே படம் தடை செய்யப்பட்டது. நம் அண்டை நாடான இலங்கையில் பிரசன்ன விதானகே 1997இல் சிறு பொருட்செலவில் எடுத்த சிங்களப் படத்தில், போர்முனையிலிருந்து முத்திரையிட்டு வந்த சவப்பெட்டியில் தன் மகன் இருப்பதைக் கண்ணிழந்த தந்தை ஒருவர் நம்ப மறுக்கிறார். 2000இல் அதன் வெளியீட்டை அரசு நிறுத்தியது; உச்சநீதிமன்றம் தலையிட்டு 2001இல் வழி திறந்தது. அப்போரில் அளவற்ற துயர் கண்டவர்கள் தமிழர்கள். எனினும் சிங்களச் சிற்றூரின் தந்தையும் தம் பிள்ளையைக் குறித்து உண்மையை அறிய உரிமையுடையவரே என்பதை நாம் மறுக்க இயலாது.

வீரனின் மனச்சோர்வைச் சொல்வது கோழைத்தனத்தைப் போற்றுவதாகாது. களத்தை விட்டு ஓடியவனின் கதையன்று அது, நின்றவனின் கதை. நாடு அவனிடம் உயிரைக் கேட்கிறது. அங்ஙனம் கேட்கும் நாடு, அவன் சொல்ல விரும்புவதைச் செவிமடுக்கவும் கடமைப்பட்டுள்ளது. பதக்கத்தைச் சட்டையில் குத்திவிட்டு வாயைப் பொத்துவது நன்றியாகாது.

தமிழிலும் இக்குரல் இல்லாமலில்லை. ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' இரண்டாம் உலகப் போர்க்காலத் தென்கிழக்காசியாவில் அலைந்த தமிழனின் வேட்கையையும் வெறுமையையும் ஒருங்கே காட்டியது. 1972இல் நூலாக வந்த அது உரிய மதிப்பைப் பெறப் பல ஆண்டுகள் ஆயின. கேட்பதற்கு நாம் தாமதித்தோம் என்பதற்கு அது சான்று.

பிழைப்பின் பொருட்டு மாநிலம் கடந்து வாழும் நமக்குப் பட்டாளக்காரனின் நெஞ்சம் எளிதில் விளங்கும். அவனைப் போலவே நாமும் வீட்டைக் காப்பதற்காக வீட்டைப் பிரிந்தவர்கள். 'நலம், நலமறிய அவா' என்னும் ஒரு வரிக்குள் எத்தனையோ துன்பங்களை மறைத்து எழுதியவர்கள். நம் துன்பத்தில் துப்பாக்கி இல்லை. அவன் துன்பத்தில் அதுவும் சேர்ந்திருந்தது. திருவனந்தபுரத்தில் பாங்கோட்டுப் படைமுகாம் வழியே செல்லும் தமிழர், அந்த மதில்களுக்கு உள்ளே இருப்பவனையும் பசியும் பாசமும் ஊர் நினைவும் உடைய ஒருவனாகக் காண வேண்டும். குறைந்த பொருளில் எடுக்கப்பட்ட அந்தப் பழைய படம் நமக்குக் கற்பிப்பது இதுவே: வீரனை வணங்குவது எளிது, அவன் சொல்வதைக் கேட்பதே அரிது. அரிய அதனைச் செய்வோமாக.