புதுவையின் தாகம்

மத்தியதரைக் கடலில், கிரேக்க நாட்டுக்குச் சொந்தமான கோஸ் என்று ஒரு தீவு இருக்கிறது. கோடை பிறந்துவிட்டால் ஐரோப்பாவின் வாலிபர்களும் யுவதிகளும் விமானம் விமானமாக அங்கே வந்து இறங்குவார்கள். விடிய விடியக் கூத்தும் கும்மாளமும்தான். எந்தத் தெருவில் எந்த மது நன்றாக இருக்கும், எந்தக் கடையில் மீன் புதிதாகக் கிடைக்கும் என்பதையெல்லாம் சொல்லிக் கொடுக்க வழிகாட்டிப் புத்தகங்களும் உண்டு.

"அந்தத் தீவுக்கும் நமக்கும் என்ன ஐயா சம்பந்தம்?" என்று நீங்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. அதுவும் இரண்டாயிரம் வருஷத்துச் சம்பந்தம்!

புதுவைக்குச் சற்றுத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றின் கரையில், அரிக்கமேடு என்ற இடம் இருக்கிறது. தென்னையும் மாமரமும் நிழல் விரிக்கும் அமைதியான மேடு. 1945-ஆம் வருஷம் மார்ட்டிமர் வீலர் என்ற ஆங்கில ஆராய்ச்சியாளர் அங்கே மண்ணைத் தோண்டினார். அவருக்கு முன்னும் பின்னும் பிரெஞ்சு அறிஞர்கள் தோண்டினார்கள். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி அம்மையாரின் குழுவினர் மறுபடியும் தோண்டினார்கள். கிடைத்தவற்றுள் இரண்டு காதும் கூரிய அடியும் உடைய நெடிய மண்ஜாடிகளின் ஓடுகள் ஏராளம். மத்தியதரைக் கடல் ஊர்களிலிருந்து மது வந்த ஜாடிகள் அவை. சிலவற்றில் ஆலிவ் எண்ணெயும், மீனை உப்பிலிட்டுப் புளிக்க வைத்த ஒருவகைச் சாறும்கூட வந்திருக்கின்றன. ஓடுகளின் வடிவத்தை ஆராய்ந்தவர்கள், அவற்றில் கணிசமானவை கோஸ் தீவின் பாணியைச் சேர்ந்தவை என்று கண்டார்கள். அந்தத் தீவின் மதுவில் கடல்நீரைக் கலப்பது வழக்கமாம். உப்புக் கரிக்கும் அந்த மதுவை இத்தனை தூரம் கடல் கடந்து கொண்டுவந்து இந்த ஆற்றங்கரையில் இறக்கியிருக்கிறார்கள்!

யவனர் கொண்டுவந்த மணமிக்க மதுவைப் பொற்கிண்ணத்தில் ஏந்தி, வளையணிந்த மகளிர் பாண்டியன் நன்மாறனுக்குக் கொடுத்ததை நக்கீரர் புறநானூற்றில் பாடியிருக்கிறார். ஆகவே இறக்குமதி மது நமக்குப் புதிய பண்டம் அல்ல.

இதைச் சொன்னவுடனே சில நண்பர்கள், "அப்படியானால் சரிதான். பாண்டிச்சேரியின் மண் வாசனையே அது!" என்று கண் சிமிட்டுகிறார்கள். சினிமாவில் யாராவது ஒருவர் "பாண்டி" என்று சொன்னால் போதும், கொட்டகை சிரிக்கிறது. சனிக்கிழமை மத்தியானம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையிலிருந்து வரும் கார்களின் வரிசையைப் பார்த்தால் அந்தச் சிரிப்புக்கு ஆதாரம் இல்லை என்றும் சொல்ல முடியாது. ஆனால் ஓர் ஊரின் சரித்திரத்தைப் புட்டியின் கழுத்து வழியாகப் பார்த்தால் எவ்வளவு தெரியும்? இந்த ஊர் எதைத் தின்றது, எதைக் குடித்தது, எதற்காக ஏங்கியது என்று கொஞ்சம் விவரமாகப் பார்க்கலாம்.

1674-ல் பிரான்சுவா மர்த்தேன் இங்கே பிரெஞ்சுக் குடியிருப்புக்கு அடிகோலினார். நடுவில் 1693-ல் டச்சுக்காரர்கள் ஊரைப் பிடித்து, சில வருஷம் வைத்திருந்து, திருப்பிக் கொடுத்தார்கள். டூப்ளே துரை கவர்னராக இருந்த காலத்தில் புதுவை அமர்க்களப்பட்டது. அந்த வாழ்வை நம் கண்முன் கொண்டுவந்து நிறுத்துகிறவர் அவருடைய துபாஷ் ஆனந்தரங்கப் பிள்ளை. 1736 முதல் ஏறக்குறைய இறுதிக் காலம் வரையில் பிள்ளை எழுதிய நாட்குறிப்பைப் புரட்டினால், கப்பல் வந்த செய்தியும், வியாபார நிலவரமும், கவர்னர் மாளிகை விசேஷங்களும், பீரங்கி மரியாதைகளும் நாள் தவறாமல் வருகின்றன. கடற்கரைப் பக்கத்து வெள்ளையர் நகரத்தில் கப்பலில் வந்த திராட்சை மது. கால்வாய்க்கு மேற்கே தமிழர் நகரத்தில் சோறும் குழம்பும் கள்ளும். ஊர் ஒன்று, பந்தி இரண்டு.

அந்த இரண்டு பந்தியும் ஒரே நாளில் காலியான கதையும் உண்டு. 1760-ல் ஆங்கிலேயர்கள் புதுவையை முற்றுகையிட்டார்கள். கோட்டைக்குள் தானியம் குறையக் குறைய, தளபதி லாலி ஒரு கொடிய காரியம் செய்தார். போருக்கு உதவாத உள்ளூர் மக்கள் சுமார் 1,400 பேரை, ஆணும் பெண்ணும் குழந்தையுமாக, கோட்டைக்கு வெளியே துரத்திவிட்டார். ஆங்கிலேயப் படை அவர்களைத் திரும்பிப் போகச் சொல்லி விரட்டியது. கோட்டைக் கதவோ திறக்கவில்லை. இரண்டு படைகளுக்கும் நடுவில் அந்த ஜனங்கள் பல நாள் புல்லின் வேரைப் பிடுங்கித் தின்றுகொண்டு கிடந்தார்கள். கடைசியில் ஆங்கிலேயத் தளபதி கூட் மனமிரங்கி வழிவிட்டார். உள்ளே இருந்த வெள்ளையரின் கதி மட்டும் என்ன? யானையையும் ஒட்டகத்தையும் குதிரையையும் தின்று தீர்த்தார்கள். ஒரு நாயின் இறைச்சி 24 ரூபாய்க்குப் போனதாகக் குறிப்பு இருக்கிறது. 1761 ஜனவரியில் நகரம் சரணடைந்தது. அதற்குச் சில தினங்கள் முன்பாகவே பிள்ளை கண்ணை மூடிவிட்டார். வென்றவர்கள் ஊரை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். இன்று சுற்றுலா வருகிறவர்கள் வியந்து படமெடுக்கும் மஞ்சள் சுவர்களெல்லாம் அந்தப் பாழின்மேல் பிறகு எழுந்தவை.

பட்டினி தீர்ந்த பிறகும் ஊருக்குத் தன் பண்டத்தின்மேல் முழு உரிமை வந்துவிடவில்லை. 1818-ல் இரண்டு வெள்ளைக்காரர்களும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். பிரெஞ்சுப் பகுதியில் உப்புக் காய்ச்சக் கூடாது. அதற்கு ஈடாக ஆங்கிலேயர் வருஷத்துக்கு 4,000 வராகன் கொடுப்பார்கள்! கடல் வாசற்படியில் அலை அடிக்கிறது. ஆனால் குழம்புக்குப் போடும் உப்பு ஆங்கிலேயனிடமிருந்து வரவேண்டும். எல்லைக்கோடு என்பது தேசப்படத்தில் மட்டும் இருப்பதில்லை, அடுப்பங்கரைக்குள்ளும் வந்துவிடும் என்பதைப் புதுவைப் பெண்கள் அன்றைக்கே கண்டிருப்பார்கள்.

இந்த எல்லைக்கோட்டைத்தான் நாம் கவனிக்க வேண்டும். புதுவையின் எல்லை நேராகப் போகும் எல்லை அல்ல. பாகூர், நெட்டப்பாக்கம், வில்லியனூர் என்று பிரெஞ்சுக் கிராமங்கள் பழைய தென்னார்க்காட்டுக் கிராமங்களோடு பின்னிக்கிடந்தன. கிழிந்த வேட்டியில் வேறு நிறத்துணி ஒட்டுப் போட்ட மாதிரி! ஒரு வரப்பு பிரெஞ்சு ராஜ்யம், அடுத்த வரப்பு ஆங்கில ராஜ்யம். அந்த வரப்பைத் தாண்டினால் ஆங்கிலேயப் போலீசின் கை எட்டாது. 1908-ல் பாரதியார் தாண்டினார். 1910-ல் அரவிந்தர் வந்தார், வ. வே. சு. ஐயரும் வந்து சேர்ந்தார். பத்து வருஷம் பாரதியாருக்குச் சோறும் நிழலும் நண்பர்களும் தந்த ஊர் இது. தேசபக்தர்களுக்கு அடைக்கலம் தந்த அந்தக் கோடுதான் பிற்காலத்தில் வேறொரு கூட்டத்துக்கும் அடைக்கலம் தந்தது.

1937-ல் ராஜாஜி முதல் மந்திரியாக இருந்தபோது சேலம் ஜில்லாவில் மதுவிலக்குத் தொடங்கியது. 1948-ல் சென்னை மாகாணம் முழுவதுமே மதுவிலக்குப் பிரதேசம் ஆயிற்று. கள்ளுக்கடைகளும் சாராயக்கடைகளும் மூடப்பட்டன. ஆனால் புதுவையில் பறந்ததோ பிரெஞ்சுக் கொடி. அங்கே கடைகள் திறந்தே இருந்தன. கள்ளும் சாராயமும் அரசாங்கத்துக்கு வருமானம் தரும் இனங்கள். கொடுக்கும் பசுவை யார் அவிழ்த்துவிடுவார்கள்?

1954 அக்டோபர் 18-ஆம் தேதி கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு சேர வேண்டும் என்றார்கள். நவம்பர் முதல் தேதி மூவர்ணக் கொடி ஏறியது. 1962 ஆகஸ்டு 16-ல் சட்டப்படியும் இணைப்பு முடிந்தது. ஆனாலும் புதுவை தமிழ்நாட்டோடு சேரவில்லை. தனி ஆட்சிப் பகுதியாகவே நின்றது. பிரெஞ்சுக்காரன் போனான், கோடு போகவில்லை. கோரிமேட்டுக்கு அந்தப் பக்கம் மதுவிலக்கு, இந்தப் பக்கம் புட்டி. விடுமுறை நாளில் பஸ்ஸிலும் விழுப்புரத்திலிருந்து வரும் ரயிலிலும் ஜனங்கள் வந்தார்கள். திரும்பும்போது சோதனைச் சாவடியில் பைகளைத் துழாவினார்கள். "பாண்டி" என்ற சொல்லுக்கு ஒரு புதிய அர்த்தம் பிறந்தது அந்தக் காலத்தில்தான்.

தமிழ்நாட்டிலும் 1971-ல் மதுவிலக்குத் தளர்ந்தது, மறுபடி வந்தது, 1981-ல் மீண்டும் தளர்ந்தது. 2003 முதல் அரசாங்கமே சில்லறைக் கடை நடத்துகிறது. ஆயினும் பழைய பழக்கம் போகவில்லை. புதுவையில் விலை குறைவு, வகை அதிகம் என்று வருகிறவர்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். ஆக, புதுவையைக் குடியூர் ஆக்கியது ரோமானியனும் அல்ல, பிரெஞ்சுக்காரனும் அல்ல. பக்கத்து வீட்டில் கதவைச் சாத்தினார்கள். ஜனங்கள் இந்த வீட்டுத் திண்ணைக்கு வந்தார்கள். அவ்வளவுதான் விஷயம்.

வந்தவர்கள் திங்கட்கிழமை காலையில் ஊருக்குத் திரும்பிவிடுவார்கள். ஆனால் சாராயக்கடைப் பக்கத்துத் தெருவில் குடியிருப்பவர்கள் எங்கே திரும்புவது? வெளியூர்க்காரனுக்கு வார விடுமுறையாக இருப்பது உள்ளூர்த் தொழிலாளியின் வீட்டில் வாரக் கூலியாகக் கரைகிறது. கலால் வருமானம் அரசாங்கக் கணக்கில் பெரிய தொகை. அந்தத் தொகையின் மறுபக்கத்தை எழுதும் பேரேடு பெண்களின் மனசில்தான் இருக்கிறது.

"சரி, புதுவைக்கு வருகிறவன் என்னதான் சாப்பிடுவது?" என்கிறீர்களா? சொல்லுகிறேன்.

காலையில் கூபேர் மார்க்கெட்டுக்குப் போங்கள். உள்ளூரில் பெரிய மார்க்கெட் என்பார்கள். மீன்காரிகளின் குரலைக் கேட்டாலே பாதிப் பசி வந்துவிடும். அங்கே தாளிப்பு வடகம் இருக்கிறதா என்று விசாரியுங்கள். சின்ன வெங்காயம், பூண்டு, கடுகு, உளுந்து, வெந்தயம், சீரகம், கறிவேப்பிலை எல்லாவற்றையும் இடித்து, விளக்கெண்ணெய் சேர்த்துப் பிசைந்து, பல நாள் வெயிலில் உருட்டி உருட்டிக் காயவைத்த உருண்டை. நம் பாட்டிமார்கள் மீன்குழம்புக்கும் கீரைக்கும் தாளித்த இதே வடகம், கடல் கடந்து போய் "வதுவான்" என்ற பெயரில் பிரெஞ்சுச் சமையல்காரர்களின் அலமாரியில் ஏறிவிட்டது. ரோமானியன் மது கொண்டுவந்தான். நாம் வடகம் கொடுத்தனுப்பினோம். வியாபாரத்தில் நஷ்டம் யாருக்கு என்று நீங்களே சொல்லுங்கள்!

நீளமான பிரெஞ்சு ரொட்டியை மீன்குழம்பில் தோய்த்துத் தின்று பாருங்கள். மேலோடு மொறுமொறுக்கும், உள்ளே பஞ்சு. மார்சேய் துறைமுகத்து மீன் சூப்பான புயாபேஸ், இங்கே வந்து மஞ்சளும் மிளகும் போட்டுக்கொண்டு தமிழ்ப்பெண்ணாகிவிட்டது. சாயோ என்று ஒரு பண்டம் உண்டு. மெல்லிய அரிசித்தாளில் இறைச்சியோ காய்கறியோ வைத்துச் சுருட்டிப் பொரித்தது. பிரெஞ்சு அரசாங்கத்தின் சிப்பாய்களாகவும் குமாஸ்தாக்களாகவும் சைகோனுக்குப் போன புதுவைத் தமிழர்கள், வியட்நாமிலிருந்து திரும்பியபோது கொண்டுவந்த சீதனம் அது. சில வீடுகளில் பாட்டி சைகோனில் பிறந்தவராக இருப்பார். அந்தச் சமையல் புத்தகம் பார்த்துக் கற்றதல்ல. பாட்டிகள் போனால் கைப்பக்குவமும் கூடவே போய்விடும் என்பதுதான் எனக்குள்ள கவலை. புட்டிக்கு வரிசையில் நிற்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இந்த ருசிக்கு வாரிசாக நிற்க எத்தனை பேர்?

சாயங்காலம் நேரு வீதியில் இந்தியன் காபி ஹவுஸ் இருக்கிறது. காபி போர்டு தன் காபிக் கடைகளை மூடத் தொடங்கியபோது வேலையிழந்த சிப்பந்திகள் ஏ. கே. கோபாலனின் தூண்டுதலால் 1957 முதல் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்து இத்தகைய கடைகளை நடத்த ஆரம்பித்தார்கள். யான் மார்ட்டெல் என்ற கானடா நாட்டு நாவலாசிரியர் 2001-ல் வெளியிட்ட "லைஃப் ஆஃப் பை" என்ற நாவலின் முன்னுரையில், அந்தக் கதை தமக்குக் கிடைத்த இடம் இந்தக் காபிக் கடை என்று எழுதினார். நாவலாசிரியர் முன்னுரையில் சொல்வதை அப்படியே நம்பவேண்டும் என்பதில்லை. அந்தத் தொழிலில் இருக்கும் எனக்கு அது தெரியாதா? ஆனால் ஒரு டம்ளர் காபிக்குள் உலகப் புகழ் பெற்ற கதை ஒன்று இருந்தது என்றால், புதுவையில் போதை தராத பானத்துக்கும் மதிப்பு உண்டு என்று ஆகிறது அல்லவா?

கடைசியாக ஒரு பானம் பாக்கி இருக்கிறது. அதைக் காண பாரதி பூங்காவுக்குப் போகவேண்டும். பூங்காவின் நடுவே, கிரேக்க ரோமானியப் பாணியில் வெள்ளை வெளேரென்று ஒரு மண்டபம் நிற்கிறது. அதற்கு ஆயி மண்டபம் என்று பெயர். கிருஷ்ண தேவராயர் இந்தப் பக்கம் வந்தபோது, விளக்கொளியில் ஜொலித்த ஒரு மாளிகையைக் கோயில் என்று நினைத்துக் கைகூப்பினாராம். அது ஆயி என்ற தாசியின் வீடு என்று தெரிந்ததும் கோபங்கொண்டு இடிக்கச் சொன்னாராம். ஆயி கெஞ்சினாள், அழுதாள். பிறகு தானே வீட்டை இடித்துவிட்டு, அந்த இடத்தில் ஊராருக்காகக் குளம் வெட்டினாள் என்பது கர்ணபரம்பரை. அரசனின் கோபத்துக்கு அவள் சொன்ன பதில் தண்ணீர்!

அந்த இடம் முத்திரையர்பாளையம். மூன்றாம் நெப்போலியன் காலத்தில் கடற்கரை நகரத்தில் நல்ல குடிநீருக்குத் தட்டுப்பாடு. லாமரேஸ் என்ற பொறியாளர் முத்திரையர்பாளையத்திலிருந்து நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். அதன் நினைவாக எழுந்த மண்டபத்துக்குச் சக்கரவர்த்தியின் பெயரை வைக்கவில்லை, கவர்னரின் பெயரை வைக்கவில்லை; ஆயியின் பெயரைத்தான் வைத்தார்கள். புதுவை அரசின் சின்னமாகவும் அந்த மண்டபமே விளங்குகிறது.

ஊரெல்லாம் "குடிக்கப் போகலாம் பாண்டிக்கு" என்கிறது. அந்த ஊரோ தன் அடையாளமாகக் குடிநீர் தந்த ஒரு பெண்ணின் மண்டபத்தை எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறது. முற்றுகையில் பட்டினி கிடந்து, உப்புக்கும் தண்ணீருக்கும் பிறர் கையை எதிர்பார்த்து வாழ்ந்த ஜனங்களுக்குத் தாகம் என்றால் என்னவென்று தெரியும். அடுத்த முறை புதுவைக்குப் போகிறவர்கள் எந்தக் கடைக்கு வேண்டுமானாலும் போகட்டும். போகிற வழியில் அந்த வெள்ளை மண்டபத்தின் முன்னால் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் போகட்டும்.