மருதமுனைக் கைத்தறி நெசவு

மருதமுனைக் கைத்தறி நெசவு, இலங்கையின் கிழக்குக் கரையில், அம்பாறை மாவட்டத்தில் கல்முனைக்கு வடக்கே அமைந்த மருதமுனை என்ற முஸ்லிம் ஊரில் தலைமுறைகளாக நடந்துவரும் பருத்தி நெசவுத் தொழில். சாரன், சேலை, படுக்கை விரிப்பு, மேசை விரிப்பு, துவாய் ஆகியன இங்கு நெய்யப்படுகின்றன. இவற்றுள் சாரனே ஊரின் பெயரைத் தூர தேசம் வரை கொண்டுபோனது. ‘மருதமுனைச் சாரன்’ என்று கடைக்காரர் சொன்னால், வாங்குபவர் மேலும் விளக்கம் கேட்பதில்லை.

தறி எப்போதும் ஊருக்குள் இருந்தது. நூலும் சாயமும் வெளியிலிருந்தே வந்தன. உள்ளே இருந்த தறிக்கும் வெளியிலிருந்து வந்தவற்றுக்கும் இடையிலான உறவே இத்தொழிலின் வரலாறு. நூல் தடையின்றிக் கிடைத்து, துணிக்குச் சந்தையும் இருந்தபோது தெருவுக்குத் தெரு தறிச் சத்தம் கேட்டது. இரண்டில் ஒன்று தடைப்பட்டபோது தறிகள் ஓய்ந்தன. கைப்பழக்கம் மட்டும் வீடுகளில் தங்கியிருந்தது. ஒவ்வொரு சரிவுக்குப் பின்னும் தொழில் எழுந்ததற்கு அதுவே காரணம்.

ஊரும் சூழலும்

மட்டக்களப்பையும் பொத்துவிலையும் இணைக்கும் கரையோரப் பெருந்தெருவில், பாண்டிருப்புக்கும் பெரியநீலாவணைக்கும் இடையே மருதமுனை அமைந்துள்ளது. கிழக்கே கடல், மேற்கே வயல். தெற்கே கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று எனத் தமிழ் பேசும் முஸ்லிம் ஊர்களும் தமிழ் ஊர்களும் மாறிமாறி வருகின்றன. 1961இல் அம்பாறை தனி மாவட்டமாகும் வரை இப்பகுதி முழுவதும் மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது.

புலவர்மணி ஆ. மு. ஷரிபுத்தீன், மருதூர்க்கொத்தன், மருதூர்க்கனி போன்ற எழுத்தாளர்களால் இலக்கிய உலகிலும் இவ்வூர் அறியப்பட்டது. நெசவும் தமிழும் இவ்வூரின் இரு பெருமைகள்.

இக்கரையோர முஸ்லிம்களிடையே தாய்வழிக் குடி முறை உள்ளது. திருமணத்தின்போது வீடு பெண்ணுக்குக் கொடுக்கப்படும். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். அக்கரைப்பற்றில் நீண்ட காலம் கள ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே, 2008இல் வெளிவந்த தம் நூலில் இதை விரிவாக எழுதியுள்ளார். வீட்டோடு ஒட்டிய கொட்டிலில் தறி நிற்கும் ஊரில் இந்த வழக்கத்துக்குத் தொழில்சார்ந்த பொருளும் உண்டு. தாயின் வீட்டிலோ அதன் பக்கத்திலோ மகள் வாழ்வதால், நூல் சுற்றுவது முதல் நெய்வது வரை பெண்பிள்ளைகள் கண்ணால் பார்த்தே பழகினர்.

பின்னணி

17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் போர்த்துக்கேயரின் நெருக்கடிக்கு உள்ளான முஸ்லிம்களைக் கண்டி மன்னன் செனரத் கிழக்கில் குடியேற்றினான். அதற்கு முன்பே இங்கு வாழ்ந்தவர்களும் உண்டு. வேளாண்மை, மீன்பிடி, வணிகம் ஆகியவற்றோடு நெசவும் இக்கரையில் வேரூன்றியது.

சாரன் என்னும் உடை இந்து சமுத்திரத்தின் பொதுச்சொத்து. மலாய்த் தீவுகள் முதல் ஆபிரிக்கக் கரை வரை ஆண்கள் இடுப்பில் சுற்றும் இத்துணியின் கட்டங்களுக்குத் தமிழகத்தோடு நெருங்கிய தொடர்பு உண்டு. சென்னைக்கு வடக்கே உள்ள பழவேற்காட்டில் ஒல்லாந்தர் 1613இல் கெல்திரியா கோட்டையைக் கட்டி, சுற்றுப்புறத்தில் நெய்த கட்டம்போட்ட துணிகளைத் தென்கிழக்காசியத் தீவுகளுக்கு ஏற்றினர். இலங்கையிலும் அவ்வகைக் கட்டச் சாரன் பழவேற்காட்டின் பெயராலேயே வழங்கிற்று. மருதமுனை நெசவாளர் போடும் கட்டங்களும் கோடுகளும் இந்தப் பெரிய மரபின் ஒரு கிளை.

பிரித்தானியர் காலத்தில் மான்செஸ்டர் ஆலைத் துணி குறைந்த விலையில் வந்திறங்கியதும் இலங்கை முழுவதும் கைநெசவு சுருங்கியது. ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்ற நூலில் நெசவு உள்ளிட்ட கைவினைகளின் தேய்வைக் கவலையோடு பதிவு செய்தார்.

தறியும் வேலைமுறையும்

நெசவில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய நூல் பாவு. குறுக்கே ஓடுவது ஊடை. எல்லா நுணுக்கமும் இந்த இரண்டின் கணக்கில் அடங்கும்.

பருத்தி நூலின் மென்மையை இலக்கத்தால் குறிப்பர். 840 யார் நீளமுள்ள நூல் ஒரு கழி. ஒரு இறாத்தல் நிறையில் எத்தனை கழி அடங்குமோ அதுவே இலக்கம். 40ஆம் இலக்க நூலில் ஒரு இறாத்தலுக்கு 33,600 யார் வரும். இலக்கம் கூடக்கூட நூல் மெலியும், துணி மிருதுவாகும், நெய்வதும் கடினமாகும்.

கழியாக வந்த நூலைச் சாயம் தோய்த்து உலர்த்திய பின் ராட்டையில் சுற்றுவர். பாவுக்கான நூலை வடிவமைப்பின்படி நிறம்நிறமாக வரிசைப்படுத்திப் பாவோட்டுவர். அறுந்துபோகாதிருக்கப் பாவுக்குக் கஞ்சி ஏற்றுவதும் உண்டு. அங்குலத்துக்கு 60 இழை வீதம் 48 அங்குல அகலச் சாரன் ஒன்றை எடுத்துக்கொண்டால், பாவில் 2,880 இழைகள் வேண்டும். ஒவ்வொன்றும் இழைகளைத் தூக்கி இறக்கும் விழுதின் கண்ணிலும் ஊடையை நெருக்கும் அச்சின் பல்லிலும் நுழைய வேண்டும். ஒரு பாவு தீர்ந்ததும் மறுபடி எல்லாவற்றையும் கோப்பதில்லை. பழைய பாவின் முனைகளோடு புதிய இழைகளை ஒவ்வொன்றாகப் புணைத்து முன்னால் இழுத்துவிடுவர். இந்த வேலைக்குக் கூர்மையான கண்ணும் சலிக்காத விரல்களும் தேவை.

நெசவாளர் மிதியை அழுத்தும்போது பாவு இழைகளில் ஒரு பாதி மேலெழும், மறு பாதி கீழிறங்கும். நடுவில் திறக்கும் வழியே ஊடை நூலைச் சுமக்கும் நாடா ஓடும். முன்பு நாடாவைக் கையால் எறிந்து மறுகையால் பிடித்தனர். 1733இல் இங்கிலாந்தின் ஜோன் கே என்பவர் கயிற்றை இழுத்தால் தானே ஓடும் விசைநாடாவைக் கண்டுபிடித்த பின், ஒருவரே தம் கை எட்டாத அகலத் துணியையும் நெய்ய முடிந்தது. நாடா ஓடியதும் அச்சுப் பலகையை இழுத்து அடித்து ஊடையை நெருக்குவர். அங்குலத்துக்கு 52 ஊடை என்றால், இரண்டு மீற்றர் நீளச் சாரன் ஒன்றுக்கு நாடா ஏறத்தாழ 4,100 தடவை ஓட வேண்டும்.

கட்டம் போடுவதில்தான் அனுபவசாலியின் கை தெரியும். மேற்சொன்ன கணக்கில் அரை அங்குலக் கட்டத்துக்குப் பாவில் 30 இழை. ஊடையிலும் 30 ஓட்டினால் கட்டம் நீண்டு கோணும். 26 ஓட்டினால்தான் சதுரமாக நிற்கும். அடியின் பலம் தளர்ந்தால் காலையில் நெய்த கட்டத்துக்கும் மாலையில் நெய்ததற்கும் வித்தியாசம் வந்துவிடும். இறுதியில் இரண்டு தலைப்புகளையும் சேர்த்துத் தைக்கும்போது கோடுகள் பொருந்த வேண்டும். தையல் எங்கே என்று தேட வைக்கும் சாரனே நல்ல சாரன்.

சாயம்

ஒல்லாந்தர் காலத்தில் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் தோண்டிய சாயவேர் துணிக்குச் சிவப்பைத் தந்தது. அவுரி நீலம் தந்தது. 1868இல் ஜெர்மனியில் சாயவேரின் செந்நிறப் பொருளைச் செயற்கையாக ஆக்கினர். 1897இல் செயற்கை நீலமும் விற்பனைக்கு வந்தது. இயற்கைச் சாயங்களின் வாணிபம் அதன்பின் தேய்ந்தது. இன்றைய தறிகளில் ஓடுவது இரசாயனச் சாயம் தோய்த்த நூல். கழுவும்போது நிறம் கசியாதிருப்பதே சாரன் வாங்குவோர் முதலில் பார்க்கும் தரம் என்பதால், சாயம் தோய்ப்பவரின் பெயரும் நெய்பவரின் பெயரைப் போலவே தொழிலில் மதிக்கப்படுகிறது.

கட்டுப்பாடும் திறப்பும்

சுதந்திரத்துக்குப் பின் அரசு சிறுகைத்தொழிலை ஊக்குவித்தது. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் துணி இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. 1970 முதல் 1977 வரை கட்டுப்பாடு மேலும் இறுகியது. வெயாங்கொடை, துல்ஹிரிய, பூகொட ஆகிய இடங்களில் அரச நெசவாலைகள் இயங்கின. கைத்தறியாளருக்கு ஒதுக்கீட்டு முறையில் நூல் கிடைத்தது; வெளிநாட்டுத் துணியின் போட்டி இல்லை. நாடெங்கும் கைத்தறி பெருகிய காலம் அது. மருதமுனையிலும் தறி பொருளாதாரத்தின் நடுத்தூணானது.

1977இல் ஆட்சிக்கு வந்த ஜே. ஆர். ஜெயவர்தன அரசு இறக்குமதியைத் திறந்துவிட்டது. செயற்கை இழை கலந்த மலிவுத் துணி கடைகளை நிரப்பியது. இலங்கையின் பல நெசவு நிலையங்கள் மூடப்பட்டன. அரசு நிலையங்களை மட்டும் நம்பிய இடங்களில் தொழில் முற்றாக அழிந்தது. வீட்டுத் தறியும், சாரனுக்கென்று தனிச் சந்தையும் கொண்டிருந்த மருதமுனை அடிபட்டாலும் தாக்குப்பிடித்தது. 1982ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய அருங்கலைகள் பேரவையும் தேசிய வடிவமைப்பு நிலையமும் உருவாயின. 1987இல் வந்த 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின் பின் கிராமியக் கைத்தொழில் மாகாண சபைகளிடம் சென்றது.

போரும் ஆழிப்பேரலையும்

1983 முதல் 2009 வரை நீடித்த போர், வீதிகளையும் சந்தைகளையும் துண்டித்தது. கொழும்பிலிருந்து நூல் வருவதும், நெய்த துணி வெளியூருக்குப் போவதும் சோதனைச் சாவடிகளையும் ஊரடங்கையும் தாண்டித்தான். 1990 ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டதும் அங்கிருந்த முஸ்லிம் சந்தையும் இல்லாமற் போனது.

2004 டிசம்பர் 26 காலை எழுந்த ஆழிப்பேரலை அம்பாறை மாவட்டத்தில் 10,000க்கு மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது. நாட்டில் மிகுதியான உயிரிழப்பு இம்மாவட்டத்தில்தான். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது ஆகியவற்றின் கடலோரத் தெருக்கள் துடைத்தெறியப்பட்டன. வீட்டோடு தறியும், தறியோடு பாவும் போயின. தொண்டு நிறுவனங்கள் பின்னர் தறியும் நூலும் வழங்கின. ஆனால் 2005இல் கிழக்குக் கரையில் 200 மீற்றருக்குள் கட்டடம் எழுப்பக் கூடாது என்று முதலில் அறிவித்த விதி, மீள்குடியேற்றத்தை நீண்ட காலம் இழுத்தடித்தது. பின்னர் கிடைத்த சிறிய வீடுகளில் தறிக்கு இடம் காண்பது எளிதாக இருக்கவில்லை.

சாரனும் அயல் கைவினைகளும்

இக்கரையில் சாரன் பிறப்பு முதல் இறுதி வரை கூடவரும் துணி. குழந்தைக்கு ஏணை கட்டவும், சுன்னத்துச் செய்த பிள்ளைக்கு உடுத்தவும், தொழுகைக்கும் வயலுக்கும் கடலுக்கும் அதுவே உதவும். நோன்புப் பெருநாளுக்கு முந்திய வாரங்கள் நெசவாளரின் உச்ச பருவம். பழசான சாரன் வீட்டில் தலையணை உறையாகவும் கைப்பிடித் துணியாகவும் வாழ்வைத் தொடரும்.

நூலும் நாரும் சார்ந்த பிற கைவேலைகளும் இப்பகுதியில் உள்ளன. நீர்நிலைகளில் வளரும் பன் புல்லை வெட்டி உலர்த்தி, சாயமிட்டுப் பெண்கள் பாய் இழைப்பர். பனையோலையில் பெட்டியும் கடகமும் இழைப்பர். தென்னந்தும்பில் கயிறு திரிப்பர். கரைவலை இழுக்கும் மீனவர் கிழிந்த வலையை வலையூசியால் முடிவர். முன்பு பருத்தி நூலாக இருந்தது இப்போது நைலோன். தொழுகைத் தொப்பி கொக்கி ஊசியால் பின்னுவதும், குஞ்சம் கட்டுவதும் வீட்டில் ஓய்வு நேர வேலைகள். தறியில் வெட்டும் மிச்ச நூல் கால்மிதியாகவும் குஞ்சமாகவும் மாறும்.

கற்பித்தல்

நெசவின் அடிப்படையைச் சிறுவர் பாடசாலைக் கைவேலையிலேயே தொடுகின்றனர். வண்ணத்தாளைக் கீற்றாக வெட்டி, ஒன்றின் மேல் ஒன்றின் கீழ் என்று நுழைக்கும் தாள் நெசவு, தறியின் எளிய நெசவேயாகும்.

அடுத்த படி அட்டைத் தறி. பழைய அட்டைப் பெட்டியிலிருந்து ஒரு சாண் நீளத் துண்டை வெட்டி, மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் கால் அங்குல இடைவெளியில் சிறு வெட்டுகள் இட வேண்டும். உறுதியான சணல் நூலை அவற்றில் மாட்டி மேலும் கீழுமாக இழுத்துக் கட்டினால் பாவு தயார். தடித்த கம்பளி நூலை மழுங்கிய ஊசியில் கோத்து, ஒன்று விட்டு ஒன்றாக நுழைத்து, திரும்பி வரும்போது மாற்றி நுழைக்க வேண்டும். ஊடையைச் சற்று வளைவாக விட்டுச் சீப்பால் கீழே நெருக்கினால் ஓரங்கள் உள்ளிழுக்காது. இறுக்கி இழுத்தால் துணி நடுவில் ஒடுங்கிவிடும். பெரிய தறியில் பழகுபவரும் முதலில் திருத்திக்கொள்ளும் பிழை இதுவே. முடிந்ததும் அட்டையை வளைத்துக் கழற்றி, முனைகளை இரண்டிரண்டாக முடிந்தால் ஒரு குவளை விரிப்பு கையில் இருக்கும்.

இன்றைய நிலை

2020 ஓகஸ்டில் பத்திக், கைத்தறி, உள்நாட்டு ஆடைகளுக்கென அரசு ஒரு இராஜாங்க அமைச்சை அமைத்தது. 2022இல் டொலரின் விலை சில மாதங்களுக்குள் ஏறத்தாழ 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்கு ஏறியது. இறக்குமதி நூலையும் சாயத்தையும் நம்பிய தறிக்கு அது பேரடி. இறக்குமதிச் சாரனின் போட்டி ஒருபுறமிருக்க, நெசவால் கிடைக்கும் கூலி இளையோரை ஈர்க்காததும், மத்திய கிழக்கு வேலைவாய்ப்பும் அடுத்த தலைமுறையைத் தறியிலிருந்து விலக்கியுள்ளன.

மருதமுனையின் அனுபவம் தெளிவாகச் சொல்வது ஒன்று. தறியை இலவசமாகக் கொடுப்பதால் மட்டும் இத்தொழில் வாழாது. சீரான விலையில் நூல், நிறம் போகாத சாயம், கைத்தறி என்று வாங்குபவர் நம்பி அடையாளம் காணக்கூடிய முத்திரை, உழைப்புக்கு ஏற்ற கூலி ஆகிய நான்கும் சேர வேண்டும். அவை சேர்ந்த காலங்களில் இவ்வூரின் தறிகள் ஓய்ந்ததில்லை. பாவு புணைக்கத் தெரிந்த கைகள் இன்னும் ஊரில் இருக்கும்போதே அந்த நான்கையும் உறுதிசெய்வது, இத்தொழிலைக் காக்க நினைக்கும் எவருக்கும் முதற் கடமை.