ஸ்மோக்ஹவுஸ் விடுதி, கேமரன் மலை

மலேசியாவின் பகாங் மாநிலத்திலுள்ள கேமரன் மலையில் 1930களின் பின்பாதியில் எழுந்த தங்கும் விடுதி ஸ்மோக்ஹவுஸ். தானா ராத்தா ஊரிலிருந்து பிரிஞ்சாங் போகும் சாலையில், கோல்ஃப் மைதானத்தை ஒட்டி இருக்கிறது. பழைய ஆங்கில வழக்கில் 'யி ஓல்ட் ஸ்மோக்ஹவுஸ்' என்பது முழுப் பெயர். வெள்ளைச் சுவரில் குறுக்கும் நெடுக்குமாகக் கறுப்பு மரச்சட்டங்கள், சரிந்த கூரை, புகைபோக்கி, சிறு சிறு கண்ணாடிகள் பதித்த சன்னல்கள் என எல்லாமே டியூடர் மன்னர்கள் காலத்து இங்கிலாந்துக் கிராமத்து வீட்டின் சாயல். டியூடர் காலத்து அசல் வீடுகளில் அந்த மரச்சட்டங்களே கட்டடத்தைத் தாங்கின. இருபதாம் நூற்றாண்டில் அந்தப் பாணியைப் பின்பற்றிய வீடுகளில் பெரும்பாலும் அவை அழகுக்குத்தான். வாசலில் சிவப்புத் தொலைபேசிக் கூண்டு, சுற்றிலும் ரோஜாவும் பிற குளிர்நாட்டுப் பூக்களும், உள்ளே தாழ்ந்த உத்தரங்களின் கீழ் கணப்பு அடுப்பு. ஃபிரேசர் மலையிலும் இதே பெயரில் ஒரு விடுதி உண்டு.

நிலநடுக்கோட்டிலிருந்து ஐந்து பாகைகூடத் தள்ளியிராத இடத்தில் கணப்பு அடுப்புக்கு வேலை இருக்கிறது. தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,450 மீட்டர் உயரத்தில் உள்ளது. மழைக்கால இரவுகளில் கம்பளி இல்லாமல் தூங்க முடியாது. இந்தக் குளிருக்காகத்தான் பிரிட்டிஷார் இங்கே வந்தார்கள். சமவெளி வெயிலில் ஐரோப்பிய உடம்பு தேய்ந்துபோகும், காய்ச்சலில் விழும் என்ற அச்சம் அக்கால மருத்துவர்களிடம் ஆழமாக இருந்தது. ஊட்டியும் கொடைக்கானலும் நுவரெலியாவும் அந்த அச்சத்தில் பிறந்த ஊர்கள்தாம்.

1885-இல் பகாங்-பேராக் எல்லையை அளக்க வந்த நில அளவையாளர் வில்லியம் கேமரன், மலைகளுக்கு நடுவே மென்சரிவான மேட்டுநிலம் ஒன்றைக் கண்டதாக எழுதினார். இடத்தை வரைபடத்தில் சரியாகக் குறிக்கவில்லை. காட்டுக்குள் வழியும் இல்லை. நாற்பது ஆண்டுகள் அது பேச்சோடு நின்றது. 1925-இல் மலாய் ஐக்கிய மாநிலங்களின் தலைமைச் செயலாளர் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் நேரில் வந்து பார்த்தார். நுவரெலியாவோடும் பிலிப்பைன்ஸின் பாகுயோவோடும் ஒப்பிட்டு, இதை மலைவாழிடமாக்கலாம் என முடிவு செய்தார். தேயிலையும் காப்பியும் சிங்கோனாவும் காய்கறியும் இங்கே விளையுமா என்று பார்க்க ஒரு சோதனைப் பண்ணையும் தொடங்கப்பட்டது.

அடிவாரத்து ஊரான தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்கு ஏறும் சுமார் 60 கிலோமீட்டர் மலைச்சாலை 1931-இல் திறந்தது. விடுதியின் வரலாற்றை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்து. சாலை இல்லையென்றால் சுண்ணாம்பும் செங்கல்லும் கண்ணாடியும் மேலே வந்திருக்காது, விருந்தாளியும் வந்திருக்கமாட்டார். மலாயா முழுவதும் பொதுப்பணித் துறையின் சாலைவேலைக்குத் தமிழ்த் தொழிலாளர்களையே பெருமளவில் நம்பியிருந்த காலம் அது. கல் உடைத்தவர், தார் காய்ச்சியவர், மண்சரிவை வாரிக் கொட்டியவர் யாருடைய பெயரும் மலையில் எந்தப் பலகையிலும் இல்லை.

சாலை முடியும் முன்பே தேயிலை வந்துவிட்டது. பிரிட்டிஷ் தொழிலதிபர் ஜே.ஏ. ரஸ்ஸல், இலங்கையில் தேயிலை அனுபவம் பெற்ற ஏ.பி. மில்னேயுடன் சேர்ந்து 1929-இல் 'போ' (BOH) தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். உலகமே பொருளாதார மந்தத்தில் விழுந்துகொண்டிருந்த நேரம். கைக்கருவிகள், சில கோவேறு கழுதைகள், ஒரே ஒரு நீராவி உருளை ஆகியவற்றைக்கொண்டு காடு அழிக்கப்பட்டதாகத் தோட்டத்தின் வரலாறு சொல்கிறது. 1933-இல் வட இந்தியரான சுபர்ஷாத் பன்சால் அகர்வால் பாரத் தேயிலை நிறுவனத்துக்கு அடித்தளம் இட்டார். ஆள்சேர்க்கும் கங்காணிகள் வழியே தமிழ்நாட்டிலிருந்து மலாயாவுக்கு வந்த கூட்டத்தில் ஒரு பகுதி, கித்தா (ரப்பர்) காட்டு வெக்கைக்குப் பதிலாக இந்த மலைக்குளிரில் வந்து இறங்கியது. வரிசையாகக் கட்டிய லயத்து வீடுகள், காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்களம், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகை, கோயில், தமிழ்ப்பள்ளி என ஒவ்வொரு தோட்டமும் தனி ஊராயிற்று. உதவிபெற்று வரும் கூலித் தொழிலாளர் குடியேற்றத்தை இந்திய அரசு 1938-இல் தடை செய்தது. விடுதி எழுந்ததும் அப்படி வந்த தமிழ்த் தொழிலாளர் வரவு நின்றதும் ஏறத்தாழ ஒரே காலத்தில்.

தொடக்ககால விருந்தாளிகள் கித்தாத் தோட்டத்துத் துரைமார்கள், ஈயச் சுரங்க அதிகாரிகள், அவர்களின் குடும்பங்கள். தாய்நாடு போய்வரக் கப்பலில் பல வாரங்கள் பிடிக்கும் காலம் ஆதலால், இரண்டு வார விடுப்பில் இங்கிலாந்தைப் பார்த்த நிறைவை இந்த மலை தந்தது. எதிரே கோல்ஃப் மைதானம். அது ஆறு குழிகளோடு தொடங்கிப் பின்னர் பதினெட்டாக வளர்ந்தது. மாலையில் ஸ்கோன், ஸ்ட்ராபெரி ஜாம், பாலேடு, தேநீர். கோப்பையின் எளிமை ஏமாற்றக்கூடியது. ஒரு கிலோ தேயிலைத்தூளுக்கு ஏறக்குறைய ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். இரண்டு இலையும் ஒரு குருத்துமாகக் கிள்ளிக் கூடை நிரப்பி, நிறுவைக்குக் கொண்டுபோய், தொழிற்சாலையில் வாடவிட்டு, உருட்டி, புளிக்கவிட்டு, உலர்த்திய பிறகே அது தூளாகும். கிள்ளியவர்கள் பெரும்பாலும் பெண்கள்.

1941 டிசம்பர் 8-இல் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. ஆண்டு முடிவதற்குள் தாப்பாவுக்கு வடக்கே கம்பாரில் சண்டை மூண்டது. ஐரோப்பியர் தெற்கே ஓட, மலை ஜப்பானியர் வசமாயிற்று. தீபகற்பத்துத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் பல்லாயிரக்கணக்கில் சயாம்-பர்மா ரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். திரும்பாதோர் ஏராளம். போர் முடிந்து மூன்றே ஆண்டுகளில் அவசரகாலம் தொடங்கியது (1948-1960). கம்யூனிஸ்ட் கொரில்லாக்கள் காட்டுக்குள் இருந்தார்கள். தாப்பாச் சாலையில் வண்டிகள் ஆயுதக் காவலுடன் அணியாகவே ஏறின. ஆனாலும் மலை வெறிச்சோடவில்லை. பிரிட்டிஷ் படையினரின் பிள்ளைகளுக்கான ஸ்லிம் பள்ளி தானா ராத்தாவில் 1964 வரை நடந்தது.

விடுதலைக்குப் பின் விடுதி, ஓய்வுபெற்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி கர்னல் ஸ்டான்லி ஃபாஸ்டரின் பெயரோடு சேர்த்தே அறியப்பட்டது. மின்னுற்பத்திக்காகச் சுல்தான் அபுபக்கர் அணை கட்டப்பட்டு ரிங்லெட்டில் ஏரி உருவானபின், அதற்கு மேலே லேக்ஹவுஸ் என்ற இன்னொரு விடுதியையும் இதே டியூடர் பாணியில் அவர் எழுப்பினார். இவ்வட்டாரத்துக்கு உலகப் புகழ் தந்தது வேறொரு வீடு. தாய்லாந்துப் பட்டு வணிகரும் முன்னாள் அமெரிக்க உளவுத் துறையினருமான ஜிம் தாம்சன், 1967 மார்ச் 26, ஈஸ்டர் ஞாயிறு அன்று மூன்லைட் பங்களாவிலிருந்து நடக்கப் போனவர் திரும்பவே இல்லை. காவலர், படையினர், ஓராங் அஸ்லி பழங்குடி வழிகாட்டிகள், போமோக்கள் எனப்படும் மலாய் மந்திரவாதிகள் என நூற்றுக்கணக்கானோர் தேடியும் தடயம் எதுவும் கிடைக்கவில்லை. அதன்பின் மலையின் பழைய வீடுகள் எல்லாவற்றையும் பயணிகள் அந்த மர்மத்தோடு சேர்த்தே பார்க்கத் தொடங்கினார்கள்.

இன்றைய விருந்தாளிகள் கோலாலம்பூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வருபவர்கள். மலேசியத் தமிழ்க் குடும்பங்களும் வருகின்றன. 2000களில் சிம்பாங் பூலாய் வழியாக இரண்டாவது சாலை திறந்தபின் கூட்டம் பெருகியது, அடுக்குமாடி விடுதிகளும் பெருகின. ஸ்மோக்ஹவுஸ் தன் சிறிய அளவோடும் நான்கு தூண் கட்டில்களோடும் பீஃப் வெலிங்டனோடும் நிலைத்து நிற்கிறது. கட்டடத்தை இத்தனை காலம் கெடாமல் காத்தது மதிக்கத்தக்க உழைப்பு. ஈரமும் பாசியும் கறையானும் மரத்தைத் தின்கிற மலை இது.

தோட்டத்துப் பக்கம் மாற்றம் இன்னும் வேகமாக நடக்கிறது. கொழுந்து எடுப்பது பெரும்பாலும் இயந்திரத்துக்கு மாறிவிட்டது. வேலையில் வங்கதேசத்தவரும் நேப்பாளியரும் இந்தோனேசியரும் இருக்கிறார்கள். தமிழ்ப் பிள்ளைகள் படித்துச் சமவெளிக்கு இறங்குகிறார்கள், அது நல்லதே. ஆனால் லயங்கள் இடிந்தால் அவற்றோடு யார் எந்த ஆண்டு எந்த ஊரிலிருந்து வந்தார் என்ற விவரமும் போய்விடும். மலேசியாவின் 2005-ஆம் ஆண்டு தேசிய மரபுச் சட்டம் கட்டடங்களோடு வாய்மொழி மரபுகளையும் பதிய இடம் தருகிறது. போ, சுங்கை பாலாஸ், புளூ வேலி தோட்டத் தமிழ்ப்பள்ளிகளின் பழைய சேர்க்கைப் பதிவேடுகளையும் மூத்தோரின் நினைவுகளையும் இச்சட்டத்தின் துணையோடு திரட்டலாம். லயத்தில் பிறந்து இன்று எண்பதைக் கடந்தவர்களிடம் அந்த வேலையை முதலில் தொடங்க வேண்டும்.