ஒழுகும் எண்ணெயும் ஒரு தோல் வளையமும்

குடோன்களிலும் துறைமுகங்களிலும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியைப் பலரும் பார்த்திருப்பார்கள். முன்னால் இரண்டு இரும்புக் கைகள், அவற்றை மேலும் கீழும் கொண்டுபோகும் உயரமான இரும்புச் சட்டம். அந்தச் சட்டத்துக்குத்தான் மாஸ்ட் என்று பெயர். மாஸ்டில் நிற்கும் சிலிண்டருக்குள் பம்ப் எண்ணெயை அழுத்தினால் கைகள் உயரும். எண்ணெயைத் தொட்டிக்குத் திரும்ப விட்டால், தன் எடையாலேயே அவை இறங்கும்.

இந்த வண்டிக்கு வரும் வியாதிகளில் மிகச் சாதாரணமானது ஆயில் லீக். காலையில் வண்டியை எடுக்கும்போது தரையில் ஒரு கறை தெரியும். சிலிண்டர் ராடின் மேல் ஈரம் இருக்கும். அல்லது, ஏற்றி நிறுத்திய சுமை யாரும் லீவரைத் தொடாமலே மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருக்கும்.

இதைச் சரிசெய்ய வரும் அனுபவமுள்ள மெக்கானிக் இரண்டு விஷயங்களில் அவசரப்பட மாட்டார். ஒன்று, மாஸ்டை முழுக்க இறக்காமல், அல்லது அது இறங்க முடியாதபடி முட்டுக் கொடுக்காமல், அதன் கீழே கை வைக்க மாட்டார். இரண்டு, புதிய சீலைப் போடும்போது அதன் உதடு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று ஒன்றுக்கு இரண்டு முறை பார்த்துக்கொள்வார். கேட்பதற்குச் சின்ன விஷயங்கள்தான். ஆனால் இரண்டுக்கும் பின்னால் நூற்றைம்பது வருடங்களுக்கும் மேற்பட்ட சரித்திரம் இருக்கிறது. அது கொஞ்சம் ரத்தமும் கலந்த சரித்திரம்.

பாஸ்கல் போட்ட கணக்கு

அடிப்படைக் கணக்கைப் போட்டவர் பிரான்ஸ் நாட்டின் பிளேய்ஸ் பாஸ்கல். 1662ல் அவர் இறந்து, அடுத்த வருடம் அவருடைய நூல் அச்சானது. மூடிய பாத்திரத்தில் இருக்கும் திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால், அந்த அழுத்தம் குறையாமல் எல்லாப் பக்கமும் போய்ச் சேரும் என்பதே அவர் சொன்னது.

உதாரணத்துக்கு, 1 சதுர செ.மீ. பரப்புள்ள சின்ன பிஸ்டனை 10 கிலோ எடையால் அழுத்துவதாக வைத்துக்கொள்ளுங்கள். அதே திரவத்தின் இன்னொரு முனையில் 100 சதுர செ.மீ. பரப்புள்ள பெரிய பிஸ்டன் இருந்தால் அது 1,000 கிலோவைத் தூக்கும். சின்ன பிஸ்டன் 100 செ.மீ. போனால் பெரியது 1 செ.மீ.தான் நகரும் என்பது வேறு விஷயம். இலவசமாக எதுவும் கிடைப்பதில்லை!

கணக்கு இவ்வளவு சுலபமாக இருந்தும், அதை வைத்து ஒரு நல்ல இயந்திரம் செய்ய 130 வருடங்களுக்கு மேல் ஆனது. அந்தத் தாமதத்துக்கு ஒரு முக்கியக் காரணம் லீக். பிஸ்டன் நகர வேண்டுமானால் அதற்கும் சிலிண்டருக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி வேண்டும். இடைவெளி இருந்தால் திரவம் அந்த வழியே தப்பித்துவிடும். அழுத்தம் ஏற ஏற, ஒழுகலும் ஏறும்.

பெயர் முதலாளிக்கு, யோசனை தொழிலாளிக்கு

1795ல் ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்குக் காப்புரிமை பெற்றவர் ஜோசப் பிரமா. யார்க்ஷயரில் பிறந்து லண்டனில் பட்டறை நடத்தியவர். யாராலும் திறக்க முடியாத பூட்டு என்று சவால் விட்டுப் பெயர் வாங்கியவர்.

அவருடைய பிரஸ்ஸிலும் லீக் பிரச்சினை வந்தது. பிஸ்டனைச் சுற்றி அடைப்பை இறுக்கி வைத்தால் தண்ணீர் நின்றது. ஆனால் அந்த இறுக்கத்தில் பிஸ்டனும் மாட்டிக்கொண்டது. அழுத்தத்தை எடுத்த பிறகும் கீழே இறங்க மறுத்தது. தளர்த்தினால் மறுபடியும் ஒழுகியது.

இதற்கு வழி சொன்னவர் பிரமாவிடம் வேலை பார்த்த ஹென்றி மாட்ஸ்லே. வுல்விச் ஆயுதச் சாலையில் சின்னப் பையனாக வேலைக்குச் சேர்ந்து, 18 வயதில் பிரமாவின் பட்டறைக்கு வந்தவர். பிற்காலத்தில் மாட்ஸ்லேயிடம் வேலை கற்ற ஜேம்ஸ் நாஸ்மித் என்ற பொறியாளர் இந்த யோசனை மாட்ஸ்லேயுடையது என்று பதிவு செய்திருக்கிறார். வெளியிலிருந்து இறுக்குவதற்குப் பதிலாக, குழிந்த வாய் கொண்ட ஒரு தோல் வளையத்தை உள்ளே வைத்தார்கள். அதன் வாய் தண்ணீர் இருக்கும் பக்கம் பார்த்திருக்கும். தண்ணீரின் அழுத்தம் அந்த வாய்க்குள் புகுந்து தோலின் உதட்டை விரித்து பிஸ்டன் மேல் அழுத்தும். அழுத்தம் கூடினால் அடைப்பும் இறுகும். அழுத்தம் போனால் உதடு தானாகத் தளரும், பிஸ்டனும் சுலபமாக இறங்கும்.

ஒழுகப் பார்க்கிற தண்ணீரையே ஒழுகலைத் தடுக்கிற வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். மொத்தக் கண்டுபிடிப்பும் இவ்வளவுதான்!

காப்புரிமை பிரமாவின் பெயரில் இருந்தது. மாட்ஸ்லேயின் சம்பளம் வாரம் 30 ஷில்லிங். குடும்பம் பெருகிவிட்டது, கொஞ்சம் உயர்த்தித் தாருங்கள் என்று கேட்டார். முடியாது என்று பதில் வந்தது. 1797ல் வெளியேறித் தனிப் பட்டறை போட்டார். இயந்திரங்களைச் செய்யும் இயந்திரங்களின் வரலாற்றில் மாட்ஸ்லேயின் பெயர் இன்று முன் வரிசையில் இருக்கிறது.

முட்டுக் கொடுத்த ஸ்டீஃபன்சன்

ஹைட்ராலிக் பிரஸ்ஸின் பெரிய பரீட்சை 1849ல் வந்தது. வேல்ஸ் நாட்டின் மெனாய் நீரிணைக்கு மேல் ராபர்ட் ஸ்டீஃபன்சன் பிரிட்டானியா என்ற ரயில் பாலத்தைக் கட்டிக்கொண்டிருந்தார். ரயில் உள்ளே ஓடும்படியான இரும்புக் குழாய்கள்தான் அந்தப் பாலம். பெரிய குழாய் ஒவ்வொன்றும் 1,500 டன்னுக்கு மேல் எடை. அவற்றைத் தண்ணீரில் மிதக்கவிட்டுத் தூண்களுக்கு நடுவே கொண்டுவந்து, ஹைட்ராலிக் பிரஸ் வைத்து மேலே தூக்கினார்கள்.

பிரஸ்ஸை மட்டும் நம்ப ஸ்டீஃபன்சன் தயாராக இல்லை. குழாய் உயர உயர, அதன் அடியில் உடனுக்குடன் முட்டுக் கொடுத்துக் கட்டிக்கொண்டே வர வேண்டும் என்று பொறுப்பிலிருந்த எட்வின் கிளார்க்குக்குக் கண்டிப்பாக உத்தரவிட்டிருந்தார். வேலை மெதுவாகும்தான். இருந்தாலும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

1849 ஆகஸ்ட் 17ஆம் தேதி, தூக்கிக்கொண்டிருக்கும்போதே ஒரு பிரஸ்ஸின் வார்ப்பிரும்பு சிலிண்டரின் அடிப்பகுதி பிய்த்துக்கொண்டு விழுந்தது. ஒரு தொழிலாளி உயிரிழந்தார். ஆனால் அத்தனை பெரிய குழாய் சில அங்குலம்தான் இறங்கியது. அடியில் முட்டு இருந்தது. அது மட்டும் இல்லையென்றால் குழாயோடு பாலத்தின் கதையும் அங்கேயே முடிந்திருக்கும். 1850ல் பாலம் திறக்கப்பட்டது.

அன்றைக்குப் போனது சீல் இல்லை, சிலிண்டர். எது போனாலும் பாடம் ஒன்றுதான். திரவம் எவ்வளவு பெரிய சுமையையும் தூக்கும், ஆனால் தூக்கிய பிறகு அதைப் பிடித்துக்கொண்டே இருக்கும் என்று நம்பி மனிதன் கீழே போய் நிற்கக் கூடாது.

தண்ணீர் போய் எண்ணெய் வந்தது

பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் ஹைட்ராலிக் என்றால் பெரும்பாலும் தண்ணீர்தான். 1846ல் வில்லியம் ஆம்ஸ்ட்ராங் நியூகாசில் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியது தண்ணீர் அழுத்தத்தில்தான். ஆனால் தண்ணீர் துருப்பிடிக்க வைக்கும், குளிரில் உறையும். 1906ல் அமெரிக்காவின் வர்ஜீனியா என்ற போர்க்கப்பலில் பீரங்கிகளை இயக்கத் தண்ணீருக்குப் பதில் எண்ணெய் பயன்பட்டது. அதன் பிறகு எண்ணெய் மெல்ல மெல்ல எல்லா இடத்துக்கும் வந்தது.

ஃபோர்க்லிஃப்டின் பிறப்பும் இந்தக் காலத்தில்தான். 1917ல் மிச்சிகன் மாநிலத்தின் புக்கானன் ஊரில் கிளார்க் நிறுவனம் தன் தொழிற்சாலைக்குள் சாமான்களை நகர்த்த ஒரு சின்ன வண்டி செய்தது. பார்க்க வந்தவர்கள் எங்களுக்கும் வேண்டும் என்று கேட்க, அது விற்பனைப் பொருளாகிவிட்டது. 1923ல் யேல் நிறுவனம் முன்னால் கைகளும் உயரும் மாஸ்டும் கொண்ட மின்சார வண்டியைக் கொண்டுவந்தது. தொடக்கத்தில் பல்சக்கரமும் சங்கிலியும் செய்த தூக்கும் வேலை பின்னர் ஹைட்ராலிக் சிலிண்டருக்குப் போனது. இரண்டாம் உலகப் போரில் பாலட்டும் ஃபோர்க்லிஃப்டும் சேர்ந்து ராணுவச் சரக்குகளைச் சுமக்க ஆரம்பித்த பிறகு, போர் முடிந்தும் அவற்றை யாரும் கைவிடவில்லை.

எண்ணெய் வந்ததும் புதிய தலைவலியும் வந்தது. இயற்கை ரப்பர் பெட்ரோலிய எண்ணெயில் ஊறினால் வீங்கிவிடும். எண்ணெய் தாங்கும் நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் 1930களில் ஜெர்மனியில் உருவான பிறகுதான் இதற்கு நல்ல தீர்வு கிடைத்தது.

அதே காலத்தில் டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய நீல்ஸ் கிறிஸ்டென்சன் என்பவர் ஒரு சாதாரண ரப்பர் வளையத்தைச் சரியான அளவுள்ள பள்ளத்தில் உட்கார வைத்துப் பார்த்தார். அழுத்தம் வந்ததும் வளையம் பள்ளத்தின் ஓரத்துக்கு ஒதுங்கி, தானே நசுங்கி, இடைவெளியை அடைத்தது. அதுதான் ஓ-ரிங். மாட்ஸ்லேயின் தோல் வளையம் வேலை செய்த அதே தத்துவம்! 1937ல் விண்ணப்பித்தபோது அவருக்கு 72 வயது. 1939ல் காப்புரிமை கிடைத்தது. போர் வந்ததும் அமெரிக்க அரசு அதைத் தன் கையில் எடுத்து, மற்ற நிறுவனங்களும் தயாரிக்க அனுமதித்தது. அவருக்கு 75,000 டாலர் கொடுத்தார்கள். 1952ல் அவர் இறந்தார். வழக்கு நடந்து 1,00,000 டாலர் அவருடைய வாரிசுகளுக்குக் கிடைத்தது 1971ல். லீக்கை நிறுத்தியவர்களுக்குப் பணம் வந்து சேருவதில் மட்டும் எப்போதும் ஏதோ ஒரு அடைப்பு இருந்திருக்கிறது...

கண்ணுக்குத் தெரியாத ஊசி

அதே 1937ல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வேறொரு செய்தி வந்தது. டீசல் எஞ்சினில் உயர் அழுத்தத்தில் பீய்ச்சும் எண்ணெய் ஒரு தொழிலாளியின் தோலைத் துளைத்துச் சதைக்குள் போய்விட்டது பற்றிய மருத்துவக் குறிப்பு அது. ஹைட்ராலிக் எண்ணெய்க்கும் இது பொருந்தும். ஹோஸில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தால் அதிலிருந்து வரும் எண்ணெய் கண்ணுக்கே தெரியாது. கையால் தடவிப் பார்த்தால், சின்ன முள் குத்தியது போலத்தான் இருக்கும். ஆனால் உள்ளே போன எண்ணெய் சதையை அழிக்க ஆரம்பித்துவிடும். உடனே அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் விரலையோ கையையோ இழக்க நேரிடும். அதனால்தான் லீக் தேடும்போது கையை அல்ல, ஒரு அட்டைத் துண்டைக் காட்டிப் பார்க்கிறார்கள்.

எல்லாம் சந்திக்கும் இடம்

இப்போது மறுபடியும் மெக்கானிக்கிடம் வரலாம். மாஸ்டை இறக்கிக் கைகளைத் தரையில் வைக்கிறார். எஞ்சினை நிறுத்தி, லீவரை அசைத்து மிச்ச அழுத்தத்தை விடுகிறார். உயர்த்தி வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் கட்டையால் முட்டுக் கொடுத்துச் சங்கிலியால் கட்டுகிறார். இது ஸ்டீஃபன்சன் போட்ட உத்தரவு.

சிலிண்டர் தலையைத் துடைத்துக் கழற்றுகிறார். ராடை வெளியே எடுத்து, நகத்தால் வருடிப் பார்க்கிறார். ராடின் குரோம் பூச்சில் ஆழமான கீறல் இருந்தால், புது சீல் போட்டும் பயனில்லை. அந்தக் கீறல் கொஞ்ச நாளில் புது சீலையும் அறுத்துவிடும். முதலில் ராடைச் சரிசெய்ய வேண்டும், அல்லது மாற்ற வேண்டும். ராடில் ஈரமே இல்லாமல் சுமை தானாக இறங்குகிறது என்றால், பிஸ்டன் சீலையோ கட்டுப்பாட்டு வால்வையோ சந்தேகிக்க வேண்டும்.

பிறகு புது சீல். அதன் உதடு எண்ணெய் இருக்கும் பக்கம் பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டால் முதல் தூக்கிலேயே ஒழுகும். இது மாட்ஸ்லேயின் தோல் வளையம், ரப்பர் உடை போட்டுக்கொண்டு வந்திருக்கிறது.

செலவுக் கணக்கையும் பார்த்துவிடலாம். ஒரு மில்லி லிட்டருக்குச் சுமாராக 20 சொட்டு என்று வைத்தால், நொடிக்கு ஒரு சொட்டு ஒழுகும் லீக் ஒரு நாளில் 4 லிட்டருக்கு மேல் எண்ணெயைத் தரையில் கொட்டும். ஒரு மாதத்தில் 130 லிட்டர் அளவுக்குப் போய்விடும். அதோடு வண்டி நிற்கும் நேரம், வழுக்கி விழும் ஆள்... இவற்றோடு ஒப்பிட்டால் சீலின் விலை ஒன்றுமே இல்லை. அப்படியும் பல இடங்களில் "இன்னும் கொஞ்ச நாள் ஓடட்டும்" என்றுதான் சொல்கிறார்கள். தொட்டியில் எண்ணெயை ஊற்றி ஊற்றி ஓட்டுகிறார்கள்.

சீலுக்குப் பேரேட்டில் "பழுதுபார்ப்பும் பராமரிப்பும்" என்ற தலைப்பில் ஒரு வரி உண்டு. ஊற்றிய எண்ணெய்க்கும் ஒரு வரி உண்டு. மாஸ்டுக்கு அடியில் வைத்த முட்டுக்கட்டைக்குத்தான் எந்தப் பேரேட்டிலும் வரி கிடையாது. அது இருந்ததால் நடக்காமல் போன விபத்தை எந்தக் கணக்கிலும் எழுத முடியாது. 1849ல் வேலை தாமதமாகிறதே என்று அந்த முட்டை யாராவது வேண்டாம் என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மட்டும் யோசித்துப் பார்த்தால் போதும்.